பிள்ளைகளும் மூடப்படாத குழிகளும்

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களை வெளியே அனுப்பும்போது நாம் எதற்கு அஞ்சுகிறோம், எதைக் கண்டும் காணாமல் போகிறோம் என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் நடமாடுவதாகக் கைப்பேசிகள் வழியே வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை அந்த வதந்தியை நம்பிய கூட்டம் அடித்தே கொன்றுவிட்டது. அவரோ தம் குடும்பத்தாருடன் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்டு வந்தவர்.

மறு ஆண்டு, 2019 அக்டோபர் 25 அன்று, மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு வயதுப் பாலகன் பயன்படாத ஆழ்துளைக் கிணற்றுக்குள் விழுந்தான். மூன்று நாட்களுக்கு மேல் நாடே காத்திருந்தது. 29ஆம் தேதி அதிகாலையில் 88 அடி ஆழத்திலிருந்து உயிரற்ற உடல்தான் கிடைத்தது.

இது யாரும் எதிர்பாராத ஆபத்தல்ல. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கற்கள் முதலியவற்றால் நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இலேயே உத்தரவிட்டிருந்தது. தமிழக அரசும் 2015இல் விதிகளை வகுத்தது. சட்டம் இருந்தது, ஆனால் ஊர்தோறும் திறந்த குழிகளும் இருந்தன.

அந்நியனைக் கண்டு அவ்வளவு பதறும் நாம், குழியைக் கண்டு ஏன் பதறுவதில்லை? அந்நியன் வெளியூர்க்காரன், அவனைச் சந்தேகிப்பதால் நமக்குச் செலவு எதுவுமில்லை. குழியோ நமக்கு வேண்டியவருடையது. சொன்னால் மனத்தாங்கல் வரும். மூடினால் பணம் செலவாகும். நாள்தோறும் பார்த்துப் பழகியதால் அது ஆபத்தாகவே தோன்றுவதில்லை. குளங்களும் சாலைகளும் இவ்வாறே. உலகளவில் 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு முதற்காரணம் சாலை விபத்து என்றும், நீரில் மூழ்கி இறப்போரின் விகிதம் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளிடையே மிக அதிகம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

விபத்து நடந்தபின் "எல்லாம் விதி" என்கிறோம். கத்ரை நம்புவது ஈமானின் பகுதியே. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படியே நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். விதியை நம்புவது துயரத்தில் ஆறுதல் பெறுவதற்கு. முன்கூட்டியே செய்ய வேண்டியதை விட்டுவிடுவதற்கன்று. பாதையில் தொல்லை தரும் பொருளை அகற்றுவதையும் ஈமானின் கிளைகளில் ஒன்றாக அவர்கள் எண்ணினார்கள். ஒரு முள்ளுக்கே இப்படியென்றால், உயிரை விழுங்கும் குழிக்கு என்ன சொல்வது?

பொதுவழியில் அனுமதியின்றிக் கிணறு தோண்டி, அதில் ஒருவர் விழுந்து இறந்தால், தோண்டியவருக்குக் கொல்லும் எண்ணமில்லாவிடினும் தியத் என்னும் ஈட்டுத்தொகை கடமையாகும் என ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. சொந்த நிலத்தில் தோண்டியவர் மீது அவ்வாறு இல்லை. ஆயினும், இது பொதுவழி, இது இன்னாருடைய நிலம் என்று இரண்டு வயதுக் குழந்தைக்குத் தெரியுமா? சட்டம் நம்மை விட்டுவிடும் இடத்தில்தான் தக்வா தன் வேலையைத் தொடங்குகிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை பல. நம் நிலத்தில் பயன்படாத கிணறு இருந்தால் உடனே அடிவரை நிரப்புவோம்; சாக்கையோ பலகையையோ மேலே போட்டு வைப்பது காப்பாகாது. அண்டை வீட்டாரின் குழியானால் நயமாகச் சொல்வோம். செவிசாய்க்காவிடில் ஊராட்சிக்கு அறிவிப்போம். மஹல்லா ஜமாஅத் நினைத்தால், ஊரிலுள்ள கிணறுகளையும் படித்துறைகளையும் ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடலாம். குளக்கரைக்குச் செல்லும் சிறுவர்களுடன் பெரியவர் ஒருவர் கட்டாயம் செல்ல வேண்டும். வளர்ந்த பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிப்போம்.

பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைப்பது இதற்கு வழியல்ல. ஓடி விளையாடுவது அவர்களுடைய உரிமை. அவர்கள் ஓடும் நிலத்தைச் சீர்செய்வது நம் கடமை. அக்கடமையை நிறைவேற்ற அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.