காய்ச்சல் விட்டாச்சா? அடுத்த ரெண்டு வாரம் இதயத்தைக் கவனிங்க!

மழைக்காலம் வந்தாலே காய்ச்சலும் கூடவே வந்துவிடும். தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள ராயகிரியானாலும் சரி, சென்னையானாலும் சரி, நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். மூன்று நாள் மாத்திரை போடுகிறோம். காய்ச்சல் விடுகிறது. நான்காம் நாள் வயலுக்கோ வேலைக்கோ கிளம்பிவிடுகிறோம். அதற்குப் பிறகு நெஞ்சு அடைத்தால், "கேஸ்தான்"னு சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

வைரஸ் இதயத்தை என்ன செய்கிறது?

உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால், இதயம் நிமிடத்துக்குச் சுமார் 10 முறை கூடுதலாகத் துடிக்கும். ஏற்கெனவே பலவீனமான இதயத்துக்கு இது பெரிய சுமை. இதோடு மேலும் மூன்று விஷயங்கள் நடக்கலாம்.

முதலாவது, இதயத் தசை அழற்சி. ஃப்ளூ, கொரோனா, டெங்கு, சிக்குன்குனியா, காக்சாக்கி போன்ற வைரஸ்களால் இதயத் தசை வீங்கிப் பலவீனமாகலாம். இது எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் வந்தால் இளைஞர்களையும் பாதிக்கும்.

இரண்டாவது, மாரடைப்பு. தொற்றை எதிர்க்கும்போது ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. ரத்தக் குழாயில் படிந்திருக்கும் கொழுப்பு வெடித்து அடைப்பு உண்டாகலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வு, ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு அபாயம் சுமார் 6 மடங்கு என்று காட்டியது.

மூன்றாவது, டெங்குவில் மட்டும் நடக்கும் சிக்கல். காய்ச்சல் குறையும் நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழும். "சூடு இறங்கிடுச்சு, இனி பயமில்லை" என்று நினைக்கும் அந்த இரண்டு நாள்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டிய நாள்.

நம்ம பக்கத்து ஊர் அனுபவம்

2012-ல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் கடையநல்லூர் வட்டாரம் டெங்குவால் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு பதிவானது. 66 பேர் இறந்தனர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டில் சேர்த்துவைக்கும் நல்ல தண்ணீரில்தான் வளரும். டிரம், தொட்டி, குடம் எல்லாவற்றையும் மூடிவைப்பதும், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுவதும் இதயத்துக்கும் பாதுகாப்புதான்.

இந்த அறிகுறி இருந்தால் காத்திருக்காதீங்க

• நெஞ்சு வலி, இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி
• படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம்
• படபடப்பு, மயக்கம், திடீர் வியர்வை
• காய்ச்சல் விட்ட பிறகும் நாலு படி ஏற முடியாத அளவு அசதி

சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் இருந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். ஆட்டோவோ பைக்கோ தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது

2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியுடன் வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் தரப்படுகின்றன: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாடின் 8. பெரிய மருத்துவமனை தூரத்தில் இருக்கும் ஊர்களுக்கு இது உயிர் காக்கும் உதவி.

ஆனால் டெங்கு இருந்தால் ஆஸ்பிரின் ரத்தக் கசிவை அதிகமாக்கலாம். அதனால், "நாலு நாளைக்கு முன்னாடி காய்ச்சல் இருந்துச்சு" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மாத்திரையை எப்போது, எப்படித் தருவது என்று டாக்டர் முடிவு செய்வார். இந்த மாத்திரைகளை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடக் கூடாது. ஏற்கெனவே இதய நோய்க்குத் தினமும் ஆஸ்பிரின் எடுப்பவர்கள், காய்ச்சல் வந்ததும் தாங்களாக நிறுத்தவும் கூடாது. இரண்டுக்கும் டாக்டரைக் கேளுங்கள். காய்ச்சலுக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளையும் தவிர்க்கவும்.

உங்க போனில் இப்பவே செய்யலாம்

1. காய்ச்சல் தொடங்கிய தேதியையும் விட்ட தேதியையும் குறித்து வையுங்கள்.
2. தினசரி மாத்திரைச் சீட்டு, பழைய ஈசிஜி ஆகியவற்றைப் படம் எடுத்து வையுங்கள்.
3. ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணுங்கள். காய்ச்சல் இல்லாமல், ஓய்வாக இருக்கும்போதும் 100-க்கு மேல் இருந்தால் டாக்டரைப் பாருங்கள். 50-க்குக் கீழே போனாலும் அப்படித்தான்.
4. 108 (ஆம்புலன்ஸ்), 104 (மருத்துவ ஆலோசனை), 1800 425 3993 (முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) ஆகிய எண்களைச் சேமியுங்கள்.

வேலைக்கு எப்போது திரும்பலாம்?

காய்ச்சல் விட்டதும் கனமான மூட்டை தூக்குவது, ஓட்டம், ஜிம் எல்லாவற்றையும் சில நாள் தள்ளிவையுங்கள். இதயத் தசை அழற்சி என்று டாக்டர் சொல்லியிருந்தால், கடும் உழைப்பைச் சில மாதங்கள் கூட நிறுத்த வேண்டியிருக்கும். இதய நோய், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போடுவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

ஒரு நாள் கூலி போனால் அடுத்த வாரம் சேர்த்துவிடலாம். காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சில் ஏதாவது வித்தியாசம் தெரிந்தால், அன்றைக்கே ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.