கரண்ட் போனதும் எழுந்து ஓடாதீர்கள்!

ராத்திரி பத்து மணி. திடீரென்று கரண்ட் கட்! உடனே என்ன செய்கிறீர்கள்? ‘அந்த டார்ச்சை எங்கே வைத்தாய்?’ என்று கேட்டுக்கொண்டே எழுந்து நடக்கிறீர்கள். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெளிச்சத்தில் இருந்த கண், இருட்டுக்கு முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிடம் பிடிக்கும். வயதானவர்களுக்கு இன்னும் தாமதமாகும். போதாக்குறைக்கு, ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். பாத்ரூம் படியில் கால் தடுக்கினால் இடுப்பு எலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுக்கைதான்.

அதனால், பாட்டியின் தலையணைப் பக்கத்திலேயே ஒரு சின்ன டார்ச் இருக்கட்டும். பட்டன் பெரிதாக, ஒரே அழுத்தில் எரிய வேண்டும். முதலில் விளக்கு, பிறகு கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்காருவது, அதற்கப்புறம் நடை. வெளிச்சத்தைத் தரையில் அடிக்கச் சொல்லுங்கள். எதிரே வருகிறவர் முகத்தில் அடித்தால் அவர் விழுவார்! செல்போன் விளக்கு அவசரத்துக்கு உதவும்தான். ஆனால் வழுக்கும் போனைப் பிடிக்கிற கையால் சுவரைப் பிடிக்க முடியாதே? கழுத்தில் மாட்டிக்கொள்ளும் விளக்கு என்றால் இரண்டு கையும் சும்மா இருக்கும். பாத்ரூம் வழியில், கரண்ட் போனால் தானே எரியும் எமர்ஜென்சி பல்பு ஒன்று போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

மருந்து அலமாரியிலும் ஒரு விளக்கு வையுங்கள். வலிக்குத் தேய்க்கிற தைலமும் குடிக்கிற கஷாயமும் இருட்டில் ஒரே பாட்டில்தான். லேபிளைப் படிக்காமல் எந்த மருந்தும் வேண்டாம்.

மெழுகுவர்த்தியைக் கொசுவலை, திரைச்சீலை பக்கம் கொண்டுபோகாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா பக்கம் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி நீளும் இருட்டுக்கு, வெயிலில் சார்ஜ் ஏறும் சோலார் விளக்கு ஒன்று இருந்தால் ராத்திரி முழுக்கத் தீயை எரியவிட வேண்டியதில்லை.

இன்னொரு விஷயம். இதை அம்மாக்கள் அவசியம் படிக்க வேண்டும். கீ செயின் விளக்கு, பொம்மை விளக்கு இவற்றுக்குள் காசு மாதிரி தட்டையாக ஒரு பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், 2 மணி நேரத்துக்குள் சுற்றியுள்ள சதை வெந்து புண்ணாகிவிடும். எரிந்து தீர்ந்த பேட்டரியும் இதே வேலையைச் செய்யும்! எச்சில் வடிகிறதா, சாப்பாடு இறங்கவில்லையா, இருமுகிறதா... சந்தேகம் என்றாலே எக்ஸ்-ரே வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். சோறு, வாழைப்பழம் எதுவும் கூடாது. 12 மணி நேரத்துக்குள் விழுங்கியிருந்து, ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தை என்றால், போகிற வழியிலேயே 10 நிமிடத்துக்கு ஒரு முறை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். 6 தடவைக்கு மேல் வேண்டாம். தேன் புண்ணின் வேகத்தைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். பேட்டரியை எடுப்பது ஆஸ்பத்திரி வேலை. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், இதற்குக் கை வைத்தியம் கிடையாது. ஒரு வயதுக்குக் கீழே இருந்தால் தேனும் கூடாது.

கடையில் சின்ன விளக்கு வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். பேட்டரி மூடி திருகாணி போட்டு முடுக்கியிருக்க வேண்டும். நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்கிறதா? குழந்தை இருக்கிற வீட்டுக்கு அது வேண்டாம்.