பரீட்சைக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று

கேள்வி: ஐயா, எங்கள் வீடு பாறசாலையில். மகள் தமிழ் மீடியத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். களியக்காவிளையில் இருக்கும் என் அண்ணன் மகன், தான் பிளஸ் டூ படிக்கும்போது தமிழ்நாடு அரசு கொடுத்த லேப்டாப்பை இப்போது இவளுக்குத் தந்திருக்கிறான். 4 ஜிபி ராம். பள்ளியில் உள்ள அதே லினக்ஸைப் போட்டிருக்கிறோம். பழைய லேப்டாப் என்பதால் எதைத் திறந்தாலும் நேரமாகிறது. “அத்தை, எக்ஸ்எஃப்சிஇ என்று இன்னொரு டெஸ்க்டாப் போட்டால் பறக்கும்” என்கிறான் அவன். “ஐடி பரீட்சைக்கு ஸ்கூல்ல இருக்கிற மாதிரியே இருக்கணும்மா” என்று இவள் தொடவே விடமாட்டேன் என்கிறாள். இன்னொன்றைப் போட்டால் இருப்பது அழிந்துவிடுமா? தமிழ் டைப்பிங் போய்விடுமா? வேண்டாம் என்றால் எடுத்துவிட முடியுமா?
— ஒரு வாசகி, பாறசாலை

பதில்: அன்புச் சகோதரிக்கு, இருப்பது அழியாது. ஒரே லினக்ஸில் இரண்டு, மூன்று டெஸ்க்டாப்களை வைத்துக்கொள்ளலாம். கணினியைத் திறக்கும்போது எதில் நுழைவது என்று நாம் தேர்ந்தெடுத்தால் போதும். மகள் எழுதிய கோப்புகள், ஜிம்ப், இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபீஸ், ஜியோஜீப்ரா எல்லாம் இரண்டிலும் அப்படியே கிடைக்கும். மாறுவது மெனு, பட்டை, கோப்புகளைத் திறந்து காட்டும் செயலி, அமைப்புகள் பகுதி ஆகியவைதான்.

விண்டோஸில் பழகியவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். அங்கே திரையில் தெரியும் முகமும் உள்ளே ஓடும் இயங்குதளமும் ஒன்றாகவே வருகின்றன. லினக்ஸ் பின்பற்றிய யுனிக்ஸ் வழியில் இவை பிரிந்தே இருந்தன. 1984-இல் எம்ஐடியில் உருவான எக்ஸ் விண்டோ சிஸ்டம், திரையில் வரைகிற வேலையை மட்டும் தான் எடுத்துக்கொண்டு, ஜன்னல்கள் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை வேறு நிரல்களிடம் விட்டுவிட்டது. அந்த இடைவெளியில்தான் இத்தனை டெஸ்க்டாப்களும் முளைத்தன. 1996-இல் ஜெர்மனியின் மத்தியாஸ் எட்ரிச் கேடிஇ-யைத் தொடங்கினார். அது நம்பியிருந்த கியூட்டி நூலகத்தின் உரிமம் அன்று முழுச் சுதந்திரம் தரவில்லை என்பதால், மறு ஆண்டே மெக்சிகோவின் மிகேல் டி இகாசாவும் ஃபெடரிகோ மேனாவும் க்னோமைத் தொடங்கினார்கள். உங்கள் மருமகன் சொல்லும் எக்ஸ்எஃப்சிஇ-யும் 1996-இல் பிறந்ததுதான். ஒலிவியே ஃபூர்தான் உருவாக்கியது. 2011-இல் க்னோம் தன் முகத்தை அடியோடு மாற்றியபோது, பழையதே வேண்டும் என்றவர்கள் அதன் நிரலை எடுத்து மாட்டே என்ற பெயரில் தொடர்ந்தார்கள். பிடித்ததை வைத்துக்கொள்ளும் உரிமையை க்னோமின் சுதந்திர மென்பொருள் உரிமமே தருகிறது. உங்கள் மகளுக்கும் அதே உரிமை உண்டு.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியச் சகோதர அமைப்பை ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் தொடங்கிவைத்தது உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் திருவனந்தபுரத்தில்தான். அதே ஆண்டு கேரளப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் பின்னர் லினக்ஸுக்கு மாறியது. 2017-இல் கைட் என்ற நிறுவனமானது. உங்கள் லேப்டாப்புக்கும் ஒரு முன்கதை உண்டு. தமிழ்நாடு அரசு 2011 முதல் கொடுத்த லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எல்லைக்கு இரண்டு பக்கமும் அரசே லினக்ஸைப் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறது. அதைத் திறந்து பார்க்கவும் மாற்றவும் அவர்கள் பயப்படக் கூடாது.

இனி வேகம். மருமகன் சொல்வது பாதி சரி. கைட் தரும் லினக்ஸ் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவின் வழக்கமான டெஸ்க்டாப் க்னோம்; உபுண்டு 22.04 பதிப்புக்கு 4 ஜிபி ராம் இருக்க வேண்டும் என்கிறார்கள். ஆக உங்கள் லேப்டாப் விளிம்பில் நிற்கிறது. எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாறினால் சில நூறு எம்பி மிச்சமாகும். மெனுவும் கோப்புறையும் சட்டென்று திறக்கும். ஆனால் பிரவுசரில் ஏழெட்டு டேப் திறந்தாலே அந்த மிச்சம் கரைந்துவிடும், ஏனென்றால் எந்த டெஸ்க்டாப்பில் இருந்தாலும் பிரவுசர் தின்னும் ராம் ஒன்றுதான். உள்ளே இருப்பது சுழலும் பழைய ஹார்டு டிஸ்க் என்றால் தாமதத்துக்குப் பெரிய காரணமே அதுதான். ஒரு சிறிய எஸ்எஸ்டி வாங்கி மாட்டினால் வரும் மாற்றத்தை எந்த டெஸ்க்டாப்பும் தராது. கையில் காசு இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

டெஸ்க்டாப்பைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால், முதலில் சுபுண்டுவை ஒரு பென்டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட்டிப் பாருங்கள். அதில் இருப்பது எக்ஸ்எஃப்சிஇ-தான். பிடித்திருந்தால், மென்பொருள் நிறுவும் செயலியான சினாப்டிக்கில் எக்ஸ்எஃப்சிஇ4 என்ற பொதியை மட்டும் தேர்ந்தெடுங்கள். சுபுண்டு-டெஸ்க்டாப் என்று இன்னொன்றும் இருக்கும், அது வேண்டாம். அது தன் பங்குக்குப் பல செயலிகளைக் கொண்டுவந்து குவிக்கும், மெனுவில் ஒரே வேலைக்கு இரண்டு செயலிகள் நிற்கும், கணினி திறக்கும்போது வரும் படம்கூட மாறிப்போகும். நிறுவும் நடுவில், லாகின் திரையை எது நடத்த வேண்டும் என்று ஒரு பெட்டி கேட்கலாம். ஜிடிஎம்3, லைட்டிஎம் என்ற பெயர்கள் இருக்கும். ஏற்கெனவே இருப்பதையே தேர்ந்தெடுங்கள். ஜிடிஎம் என்றால் லாகின் திரையில் பெயரைத் தொட்டதும் கீழே வலது மூலையில் பல்சக்கரம் தோன்றும். அதைத் தொட்டால் டெஸ்க்டாப் பட்டியல் வரும்.

மகளின் பயத்துக்கு நான் சொல்லும் வழி, இரண்டாவது டெஸ்க்டாப்புக்குத் தனியாக ஒரு பயனர் கணக்கு. இரண்டு டெஸ்க்டாப்பும் ஒரே கணக்கில் இருந்தால் ஐகான், எழுத்துரு, எந்தக் கோப்பை எது திறக்கும் போன்ற அமைப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். தனிக் கணக்கு என்றால் அவளுடைய கணக்கு, பள்ளியில் பார்ப்பதைப் போலவே இருக்கும். ஐடி செய்முறைப் பரீட்சை பள்ளிக் கணினியில்தானே நடக்கிறது; பாடப்புத்தகம் சொல்லும் மெனு வழியில் கை பழகியிருக்க வேண்டும் என்று அவள் நினைப்பது நியாயம். ஐடி பாடத்தை அவள் கணக்கில் படிக்கட்டும். மற்ற வேலைகளுக்கு இன்னொன்று. பொதுக் கோப்புகளை இரு கணக்கும் பார்க்கும்படி ஒரு கோப்புறையில் வையுங்கள்.

தமிழ் டைப்பிங் போகாது, ஆனால் தானாகவும் வந்து சேராது. க்னோமில் செய்த விசைப்பலகை அமைப்பை எக்ஸ்எஃப்சிஇ எடுத்துக்கொள்வதில்லை. அங்கே கீபோர்டு அமைப்பில் லேஅவுட் பகுதிக்குப் போய், கணினியின் இயல்பு அமைப்பைப் பயன்படுத்து என்ற டிக்கை எடுத்துவிட்டு, தமிழ்99-ஓ இன்ஸ்கிரிப்ட்டோ அவள் பழகியதைச் சேர்த்து, மாற்றும் விசையையும் குறிக்க வேண்டும். அம்மா என்று ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறை என்றால் ஐபஸ் என்ற செயலி தேவை. டெஸ்க்டாப் திறக்கும்போதே ஐபஸும் தொடங்கும்படி தொடக்கச் செயலிகள் பட்டியலில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. எக்ஸ்எஃப்சிஇ உபுண்டுவின் யூனிவர்ஸ் களஞ்சியத்திலிருந்து வருகிறது; அதைப் பராமரிப்பது தன்னார்வலர்கள். சுபுண்டு 22.04-க்கான ஆதரவு 2025 ஏப்ரலோடு முடிந்தது, உபுண்டு 22.04-க்கு 2027 வரை உண்டு. உங்களுடையது 22.04 என்றால் இதை ஒரு இடைக்கால ஏற்பாடாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

எடுக்க முடியுமா என்றால், முடியும். பலர் சிக்கிக்கொள்வதும் இங்கேதான். எக்ஸ்எஃப்சிஇ4 என்பது மற்ற பொதிகளை அழைத்து வரும் ஒரு பெயர். அதை மட்டும் நீக்கினால் மற்றவை தங்கிவிடும். மிச்சத்தை வழிக்க ஆட்டோரிமூவ் என்ற கட்டளை கொடுப்பவர்கள், அது காட்டும் பட்டியலைப் படிக்காமல் சரி என்றால், பழைய டெஸ்க்டாப்பின் துண்டுகளும் சேர்ந்து போகும் ஆபத்து உண்டு. எந்த நாளில் எந்தப் பொதிகள் வந்தன என்பதை, பொதிகளை நிறுவும் நிரலான ஆப்ட் தன் வரலாற்றுக் கோப்பில் எழுதி வைக்கிறது. சினாப்டிக்கில் கோப்பு மெனுவில் வரலாறு என்று இருப்பதும் அங்கே செய்ததைத் தேதியோடு காட்டும். நிறுவிய அன்றே அந்தப் பட்டியலை மகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நீக்கும்போது அந்தப் பட்டியலில் இல்லாத பெயர் ஒன்று தெரிந்தாலும் நிறுத்திவிட்டு, பள்ளியில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் ஐடி மன்றத்தை நடத்தும் ஆசிரியரிடம் காட்டட்டும்.