காக்க வேண்டியது வேலையையா, தொழிலாளியையா?

பேராக் மாநிலத்தில், பத்து காஜாவுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவாலாங்கில் மாபெரும் இரும்புக் கப்பல் ஒன்று நீரில் நிற்கிறது. அது கடலில் செல்லும் கப்பலன்று; மண்ணைத் தோண்டி ஈயம் எடுத்த கப்பல். 1938ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அது 1982ஆம் ஆண்டில் தன் பணியை நிறுத்தியது. இன்று அதைச் சுற்றுப்பயணிகள் பார்த்துச் செல்கின்றனர். ஒரு காலத்தில் உலகிலேயே மிகுதியாக ஈயம் உற்பத்தி செய்த நாடு மலேசியா. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா பள்ளத்தாக்கு அத்தொழிலின் இதயமாக விளங்கியது. உலகச் சந்தையின் மாற்றத்தால் இத்தகைய தொழில் நலியும்போது, உள்நாட்டு மக்களின் வேலையை அரசாங்கம் காப்பாற்ற வேண்டுமா?

காப்பாற்றத்தான் வேண்டும் என்போர் வலுவான காரணம் கூறுவர். விலை வீழ்ச்சிக்குத் தொழிலாளி காரணமல்லன். ஆனால், அதன் சுமையை முதலில் தாங்குபவன் அவனே. தோட்டப்புறத்தில் இச்சுமை இன்னும் பெரிது. அங்கு வேலை போனால், தோட்ட நிர்வாகம் கொடுத்த வீடும் போய்விடும்.

ஆயினும், காக்கும் வழி சரியாக அமைய வேண்டும். மலேசியாவும் அங்கம் வகித்த அனைத்துலக ஈய மன்றம், விலை சரியும்போதெல்லாம் ஈயத்தை வாங்கிக் குவித்து விலையைத் தாங்கிப் பிடித்தது. அதற்குள் பிரேசிலிலிருந்து மலிவான ஈயம் வந்தது. ஈயத்தின் இடத்தை அலுமினியமும் பிடிக்கத் தொடங்கியது. 1985ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மன்றத்தின் பணம் தீர்ந்தது. விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது. கிந்தாவில் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன.

மற்றொரு வழி, பிறரைத் தடுத்துக் குடிமக்களுக்கு வேலை தருவது. 1968ஆம் ஆண்டு வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதிச் சீட்டு பெற வேண்டியதாயிற்று. நோக்கம் குடிமக்களின் வேலையைக் காப்பதே. ஆனால், பல்லாண்டுகள் இந்நாட்டில் பால் மரம் வெட்டியும் குடியுரிமைப் பத்திரம் பெறாதிருந்த தோட்டத் தொழிலாளர் பலர் அதனால் தவித்தனர். பல்லாயிரம் பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினர். ஒருவருக்கு வேலியாக அமைந்தது மற்றொருவருக்குத் தடையாயிற்று.

வேறொரு வழியைச் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் காட்டினார். 1950ஆம் ஆண்டுகளில் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தங்கள் இரப்பர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். தொழிலாளர் வேலையையும் வீட்டையும் இழந்தனர். 1960ஆம் ஆண்டில் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் மாதந்தோறும் பத்து வெள்ளி செலுத்திப் பங்கு சேர்த்தனர். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. சிறுதுளி பெருவெள்ளமாயிற்று, கூலி வாங்கியவர் உரிமையாளராயினர். எனினும், துண்டாடப்பட்ட எல்லாத் தோட்டங்களையும் சங்கத்தால் வாங்க இயலவில்லை. மக்களின் முயற்சியோடு அரசாங்கத்தின் துணையும் தேவை என்பதை இது உணர்த்துகிறது.

அத்துணை இன்று வேறு வடிவில் கிடைக்கிறது. 2018ஆம் ஆண்டு முதல் சமூகப் பாதுகாப்பு நிறுவனமாகிய பெர்கேசோ, வேலைக் காப்புறுதித் திட்டத்தை நடத்தி வருகிறது. முதலாளியும் தொழிலாளியும் மாதந்தோறும் சிறு தொகை செலுத்துகின்றனர். வேலை இழந்தவருக்குச் சில மாதங்கள் உதவித்தொகையும், புதிய திறன் கற்கப் பயிற்சியும், வேலை தேட வழிகாட்டலும் கிடைக்கின்றன. இத்திட்டம் நலிந்த தொழிலைத் தாங்கிப் பிடிப்பதில்லை. அத்தொழிலில் இருந்த மனிதரைத் தாங்கிப் பிடிக்கிறது.

ஈயக் கப்பல் மீண்டும் ஓடப் போவதில்லை. இரப்பர் மரங்கள் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. எந்தத் தொழிலும் நிலையானதன்று. ஆதலால், அரசாங்கம் காக்க வேண்டியது ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டுமன்று. வேலை மாறும் காலத்தில் தொழிலாளியின் வீட்டில் அடுப்பு அணையாமலும் அவன் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடாமலும் காக்க வேண்டும். நாளைய மாற்றத்திற்கு இன்றே நம்மை ஆயத்தப்படுத்திக்கொள்வது நம் கடமையாகும்.