குடற்கலக்கமும் அன்றாட உணவும்

அருள்புரத்திலும் பல்லடம் சாலையையொட்டிய ஊர்களிலும் பனியன் கம்பெனிகளிலும் தறிகளிலும் உழைப்போருள், “எதை உண்டாலும் வயிறு ஏற்பதில்லை” என்று வருந்துவோர் உளர். வயிறு முறுக்கி வலிக்கும். மலங்கழித்தால் சிலருக்குத் தணியும். சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல், எந்நாளும் உப்பல். தறியை விட்டு அடிக்கடி எழுவதால் கூலி குறையும்; வெட்கத்தால் காரணத்தையும் சொல்வதில்லை. இரத்தம் சோதித்து, ஸ்கேனும் எடுத்துக் குறையொன்றும் காணாதபோது, வீட்டார் இதை மனப்பிரமை என்று தள்ளிவிடுகின்றனர். அது தவறு. மருத்துவர் ஐ.பி.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் இந்நோயில் குடலில் புண் இராது. ஆனால் குடலின் அசைவும், குடலுக்கும் மூளைக்குமிடையே ஓடும் நரம்புச் செய்தியும் மாறுபட்டிருக்கும். பிறர் உணராத சிறு உப்பலும் இவருக்கு வலியாகும்.

மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், காய்ச்சல், இரத்தசோகை, உறக்கத்தினின்று எழுப்பும் பேதி, 50 வயதுக்குமேல் புதிதாகத் தோன்றிய மாற்றம் ஆகியவற்றுள் ஒன்றிருப்பினும், கீழே சொல்லும் உணவுச் சோதனையில் நாளைக் கழிக்காது மருத்துவரிடம் செல்லவேண்டும்.

எந்த உணவு ஆகாது? பலரும் காரத்தையே குற்றஞ்சாட்டுவர். மிளகாய் சிலருக்கு வலி தருவது உண்மையே. எனினும், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பீட்டர் கிப்சன், சூ ஷெப்பர்ட் ஆகியோர் 2005 முதல் வெளியிட்ட ஆய்வுகள் வேறொன்றையும் காட்டின. சிலவகைச் சர்க்கரைகள் சிறுகுடலில் முழுதும் உட்கொள்ளப்படாமல் பெருங்குடலைச் சேர்கின்றன. வழியில் நீரை ஈர்க்கின்றன. அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன. இச்சர்க்கரைகள் வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு, பால் ஆகியவற்றில் மிகுதி.

சின்ன வெங்காயம் பயிரிடும் நம் உறுப்பினர்களுக்கு இது கசப்பான செய்திதான். வெங்காயம் நல்ல உணவே. எல்லாக் குடலுக்கும் ஒரே அளவில் ஒத்துவருவதில்லை என்பதே இங்குப் பொருள்.

நம் வீடுகளில் விரும்பிச் சமைக்கும் அரிசிம்பருப்புச் சாதத்தையே எடுத்துக்கொள்வோம். அரிசியால் தொல்லையில்லை, அதனுடன் சேரும் துவரம்பருப்பு, வெங்காயம், பூண்டு மூன்றும் கூடுவதே தொல்லை. அதற்காகச் சோற்றைக் கைவிட வேண்டுவதில்லை. பருப்பைக் குறைத்து, நெடுநேரம் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கலாம். பூண்டின் சர்க்கரை நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆதலின் பூண்டை முழுப்பல்லாக எண்ணெயில் மட்டும் வதக்கி, தண்ணீர் ஊற்றுமுன் எடுத்துவிட்டால் மணம் நிற்கும், தொல்லை குறையும். இரசத்தில் கொதிக்கவிட்டபின் பூண்டை எடுத்தெறிவதில் பயனில்லை. வெங்காயத்துக்குப் பதில் வெங்காயத்தாளின் பச்சைப்பகுதி, இஞ்சி, சீரகம், கறிவேப்பிலை உதவும். கொள்ளும் தட்டைப்பயறும் சிறிதளவே போதும். கத்தரி, வெண்டை, கேரட் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். வாழைப்பழம் மிகவும் கனிந்ததைவிடச் சற்றுக் கெட்டியானதே நன்று.

சோதனை செய்யும் முறை முக்கியம். மேற்சொன்னவற்றை 2 முதல் 6 வாரம் வரை குறைக்கவேண்டும். வலி தணிந்தால், பின்னர் ஒவ்வொன்றாக, மூன்று நாள் அளவைக் கூட்டி உண்டு பார்க்கவேண்டும். ஒரே வேளையில் இரண்டைச் சேர்த்தால் குற்றவாளி எது என்று தெரியாது. கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் உண்டதையும் வலியையும் குறித்து வந்தால் போதும். ஒத்துக்கொண்டவற்றை மீண்டும் உணவில் சேர்த்துவிட வேண்டும். அனைத்தையும் அஞ்சி நெடுங்காலம் விலக்கினால் உடல் மெலியும். குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் குறையும். மெலிந்திருப்போரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேளாமல் இதைத் தொடங்கலாகாது.

மலச்சிக்கலுக்கு இசப்கோல் உமியைச் சிறிதளவில் தொடங்கி, போதிய நீருடன் கொள்ளலாம்; கோதுமைத் தவிடு பலருக்கு உப்பலைக் கூட்டும்.

வேலைத்தலத்தில் கவனிக்கவேண்டியது தேநீர். வயது வந்தபின் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்தோர் நம்மவருள் மிகுதி. இரவு ஷிப்டில் சோற்றைத் தள்ளிப்போட்டு, நான்கைந்து முறை பால் தேநீரும் பன்னும் கொண்டால், பாலும் கோதுமையும் வெறும் வயிற்றில் சேர்கின்றன. தேயிலையின் காஃபீனும் குடலை விரைவுபடுத்தும். இரண்டு இட்டிலியைத் தூக்குப்போசியில் எடுத்துச்சென்று முதல் இடைவேளையிலேயே உண்டுவிட்டு, தேநீரை ஒன்றிரண்டாகக் குறைத்து, அதையும் பாலின்றி ஒரு வாரம் குடித்துப் பார்க்கலாம்.