பூங்காவைக் கடைசியில் வரையாதே

அன்புள்ள மகளுக்கு,

திண்டிவனத்தில் நகரமைப்பு ஆய்வாளராகச் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். மிக்க மகிழ்ச்சி. நீ வேலை பார்க்கும் ஊரின் பெயரே ஒரு மரத்தின் பெயர்தான். திந்திரிணி என்றால் புளி. புளியங்காடாக இருந்த இடம் திந்திரிணிவனமாகி, பிறகு திண்டிவனமானது என்பார்கள். அங்கிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில் ஒருகாலத்தில் இருமருங்கும் புளியமரங்கள் நின்றன. சாலை நான்குவழியானபோது அவை போயின. இன்று பேருந்துக்கு நிற்கும் கிழவிக்கு வெயில்தான் துணை.

முப்பது ஆண்டுகள் மனைப்பிரிவு வரைபடங்களோடு வாழ்ந்தவன் என்ற உரிமையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: பூங்காவைக் கடைசியில் வரையாதே, வரையவும் விடாதே.

விதி உனக்குத் தெரியும். 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் சாலை நீங்கலாக 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட்டே ஆகவேண்டும். அதற்குப் பதிலாகப் பணம் கட்ட முடியாது. உன் மேசைக்கு வரும் படங்களில் அந்தப் பத்து சதவீதம் சரியாகவே இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று பார். எல்லா மனைகளையும் வெட்டி முடித்தபின் மிஞ்சிய முக்கோணமாக, உயர் அழுத்த மின்கம்பிக்கு அடியில் இருக்கும். அப்படி ஒரு முக்கோணத்துக்கு நானும் கையெழுத்திட்டேன். கணக்கு சரியாக இருந்ததே என்று நினைத்தேன். பத்து ஆண்டு கழித்துப் போனபோது அங்கே சீமைக்கருவேலமும் கட்டட இடிபாடும்தான் இருந்தன. அந்தக் குற்ற உணர்வு இன்னும் போகவில்லை.

ஆகவே, படத்தைப் பிரிக்கும் முன் புலப்படத்தை எடுத்துக்கொண்டு நிலத்தை நடந்து பார். ஆடு மேய்ப்பவரைக் கேள். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று அவர் சொல்வார். நிற்கிற ஒவ்வொரு மரத்தையும் குறித்துக்கொள். வேம்பு நிற்கும் இடத்தில் பூங்கா வரட்டும்; மனைகள் அதைச் சுற்றி அமையட்டும். வாய்க்காலையும் அந்தப் பத்து சதவீதத்தில் சேர்த்துக் காட்டினால் ஏற்காதே. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, உன் ஊருக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

என்ன நடுவது என்று கேட்டிருந்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை வானூர் வட்டத்திலுள்ள ஆரோவில்லுக்குப் போய் வா. 1968-இல் மழை அரித்த செம்மண் பொட்டலாகக் கிடந்த இடம் அது. இன்று வீரையும் உலக்கைப்பாலையும் காயாவும் அங்கே காடாக நிற்கின்றன. இவை இந்தக் கடற்கரைச் சமவெளியில் இயல்பாக வளரும் மரங்கள். தெருவுக்குப் புங்கனும் பூவரசும் போதும். அடிமரத்தைச் சுற்றி மூன்றடி மண்ணைத் திறந்தே வை. சிமென்ட் கல் பதிக்க விடாதே. பூங்காவை நண்பகலில் பூட்டவும் சம்மதிக்காதே. நிழல் தேவைப்படும் நேரமே அதுதான்.

கடைசியாக ஒன்று. பூங்கா நிலத்தின் தானப் பத்திரம் பதிவாகாமல் எந்த மனைப்பிரிவையும் இறுதி ஒப்புதலுக்குப் பரிந்துரைக்காதே. பதிவானதும் நேரில் நின்று எல்லைக்கல் நடு. கல்லுக்கு அருகில் ஒரு புளியங்கன்றும் வை. அது நிழல் தருவதற்குள் நீ ஓய்வு பெற்றுவிடலாம்; ஆனாலும் வை, மகளே.

அன்புடன்,
உன் மூத்த சக ஊழியன்