களி கிண்டத் தெரிந்தால் போதும்: நாகரசம்பட்டிப் பக்கத்து வீட்டுச் சமையலில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

போச்சம்பள்ளி சிப்காட்டில் வேலை கிடைத்து, நாகரசம்பட்டியிலோ பக்கத்து ஊரிலோ அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஷிப்ட் முடிந்து வரும் நேரத்துக்கு எது திறந்திருக்கிறதோ அதுதான் சாப்பாடு என்றாகிவிடுகிறது. பெரும்பாலும் பரோட்டா. சுற்றிலும் கேழ்வரகும் கொள்ளும் அவரையும் விளைகிற மண்ணில் இருந்துகொண்டு தினமும் மைதா தின்பது எனக்கு மனசு ஆறவில்லை. சமையல் பெரிய வித்தை இல்லை. ஒரு களி, ஒரு கடைசல், ஒரு ரசம் வந்துவிட்டால் வாரம் முழுக்க ஓட்டலாம். ஒரே ஒரு அடுப்பும் இரண்டு பாத்திரமும் உள்ளவருக்கும் இது ஆகிற காரியம்.

செய்ய வேண்டியவை

கேழ்வரகைத் தானியமாக வாங்குங்கள். போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தைக்குப் போனால் கேழ்வரகு, கொள்ளு, மிளகாய், புளி எல்லாவற்றையும் ஒரே நடையில் முடித்துவிடலாம். கல், தூசி போக அலசி, நன்றாக வெயிலில் காயவைத்து, மாவு மில்லில் கொடுத்து இரண்டு கிலோ அளவில் அரைத்துக்கொள்ளுங்கள். முழுத் தானியம் மாதக்கணக்கில் கெடாது. மாவு அப்படி இல்லை, நாளாக ஆக வாசம் போய் வண்டும் வைத்துவிடும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் அரிசியில் இரண்டு கிலோவைக் குறைத்து அதற்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். நம் பாட்டிமார்களுக்கு அந்த அறிவிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

களியைப் பொறுமையாகக் கிண்டுங்கள். ஒருவருக்கு ஒரு டம்ளர் மாவு, இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு கைப்பிடி அரிசி நொய், கொஞ்சம் உப்பு. நொய் வேகும்போது தண்ணீர் வற்றும் என்பதால் அதற்கென்று அரை டம்ளர் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். அடி கனமான பாத்திரத்தில் தண்ணீர் கொதித்ததும் நொய்யைப் போட்டு நன்றாகக் குழையவிடுங்கள். பிறகு தீயைக் குறைத்து, மாவு முழுவதையும் நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். அந்த நேரத்தில் கரண்டியைத் தொடவே கூடாது. துடுப்புக் காம்பால் குவியலின் நடுவில் ஒரு குழி மட்டும் குத்திவிட்டு, மூடி போட்டு ஐந்தாறு நிமிஷம் விட்டால் குழி வழியாகவும் ஓரத்திலும் தண்ணீர் தளதளவென்று மேலே வரும். மாவு அந்த ஆவியிலேயே பாதி வெந்துவிடும்.

அடுத்ததுதான் கை வலிக்கிற கட்டம். பாத்திரத்தை இறக்கி, துணியால் இறுகப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்திக் கிண்டுங்கள். முதல் தடவை கிண்டுகிறவர்கள், கிண்டுவதற்கு முன்பு ஒரு கரண்டி தண்ணீரை எடுத்து வைத்துவிட்டு, மாவு இறுகினால் திரும்பச் சேர்ப்பது நல்லது. வெள்ளை மாவுத் திட்டு கண்ணில் படாமல், கருஞ்சிவப்பாகப் பளபளவென்று ஒன்றுசேர்ந்து வந்தால் சரி. மறுபடி சிறுதீயில் மூடி மூன்று நிமிஷம் வைத்து, கையை நனைத்துத் தொட்டுப் பாருங்கள். விரலில் ஒட்டினால் இன்னும் வேகவில்லை. ஒட்டாவிட்டால் ஈரம் தடவிய கிண்ணத்தில் போட்டுச் சுழற்றி உருண்டை பிடிக்கலாம்.

கொள்ளை இரவே ஊறப்போடுங்கள். ஒரு கைப்பிடிக் கொள்ளில் இரண்டு சாப்பாடு இருக்கிறது. காலையில் குக்கரில் ஆறேழு விசில் விட்டு, வெந்த தண்ணீரைத் தனியே வடித்து எடுங்கள். அந்தத் தண்ணீரில் புளி கரைத்து, மிளகு, சீரகம், பூண்டு நசுக்கிப் போட்டு நுரை கட்டியதும் இறக்கினால் ரசம். வெந்த கொள்ளோடு வதக்கிய சின்ன வெங்காயம், வரமிளகாய், பூண்டு, ஒரு துளிப் புளி சேர்த்து மத்தால் மசித்தால் கடைசல். மத்து இல்லாதவர்கள் மிக்சியில் இரண்டு சுற்று விட்டால் போதும், மையாக அரைக்க வேண்டாம். காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூரில் உள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பையூர் 1, பையூர் 2 என்று கொள்ளு ரகங்களே வந்திருக்கின்றன. மானாவாரிக் காட்டில் மழை குறைந்தாலும் விளைகிற பயிர் அது. இறைச்சி வாங்க முடியாத நாளில் உடம்புக்குப் புரதம் கொடுக்கிற பயிரும் அதுதான்.

கீரையை அலசிய பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டு அலசினால் சத்து தண்ணீரோடு போகும். மூடாமல் வேகவிட்டால் பச்சை நிறம் மாறாது.

குடிநீரிலேயே சமையுங்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை, நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறை, மூட்டு இறுக்கம் என்று தலைமுறையாக ஜனங்கள் அவதிப்பட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. குடிக்க மட்டும் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, களிக்கும் பருப்புக்கும் போர் தண்ணீரை ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். களி, சோறு, பருப்பு எல்லாம் ஊற்றிய தண்ணீரை அப்படியே உள்வாங்கிக்கொள்பவை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். இந்தியத் தர அளவுப்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. பாத்திரம் கழுவப் போர் தண்ணீர், உலையில் வைக்கக் குடிநீர் என்று இரண்டு குடமாகப் பிரித்து வையுங்கள்.

மார்கழி, தையில் பிதுக்கம் பருப்புக் குழம்பை விட்டுவிடாதீர்கள். முற்றிய பச்சை அவரைக் கொட்டையை இரவெல்லாம் ஊறவைத்து, ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளி விழும். அறையில் இருக்கிற நாலு பேரும் உட்கார்ந்தால் பேச்சோடு பேச்சாக முடிந்துவிடும். தேங்காய், மல்லி, பூண்டு அரைத்து ஊற்றிய குழம்புக்கும் களிக்கும் உள்ள பொருத்தம் வேறு எதற்கும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே பைத்தியம்தான்: பெங்களூருவில் அவரைக்காய்க்கென்றே மேளா நடத்துகிறார்கள்.

செய்யக்கூடாதவை

பருப்பு வேகும் முன்னே புளியோ தக்காளியோ மாங்காயோ போடாதீர்கள். புளிப்பு பட்டால் பருப்பின் தோல் இறுகி, எத்தனை விசில் விட்டாலும் கொட்டை கொட்டையாகவே நிற்கும். சீசனில் பெங்களூரா மாங்காயைப் போட்டுப் பருப்பு வைக்கும்போதும் அப்படித்தான்: பருப்பு முழுதாகக் குழைந்த பிறகே மாங்காய்த் துண்டு.

வேகாத பருப்புக்குச் சோடா மாவு போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது உண்மை. சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள தண்ணீர் அதை இறுக்கிவிடும். ஆனால் சோடா மாவு பருப்பிலுள்ள பி1 வைட்டமினை அழித்துவிடும். ஊறவைப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும்தான் வழி.

களியை மெல்லாதீர்கள். கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும். முதல் முறை சாப்பிடுகிறவர்கள் மென்று பார்த்து, பல்லில் ஒட்டுகிறது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது களியின் குற்றம் இல்லை. சின்னக் குழந்தைக்கும் விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கும் கூழாகக் கரைத்துக் கொடுங்கள்.

சர்க்கரை நோய்க்குக் களி மருந்து என்று நம்பி மூன்று உருண்டை சாப்பிடாதீர்கள். நைசாக அரைத்த மாவு சீக்கிரம் செரித்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும். ஒரு உருண்டை, அதைவிட அதிகமாகக் கீரையும் கொள்ளும் என்பதே சரியான கணக்கு. மாத்திரையை நிறுத்துவது பற்றிச் சமையலறையில் முடிவு எடுக்கவே கூடாது.

மிச்சமான களியைக் கொட்டாதீர்கள். தண்ணீரில் போட்டு மூடி வைத்து, காலையில் மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடித்தால் முதல் ஷிப்டுக்குப் போகிறவருக்குப் பசி தாங்கும். ஆனால் சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் இரவெல்லாம் வெளியே வைத்துவிட்டு மறுநாள் தாளித்துச் சாப்பிடுவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். வெந்த அரிசியில் தங்கும் ஒருவகைக் கிருமி உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடு செய்தாலும் போகாது. வாந்தி எடுத்துக்கொண்டு லைனில் நிற்க வேண்டியிருக்கும்.

டிபன் பாக்சைச் சுடச்சுட மூடாதீர்கள். ஆவி உள்ளேயே நீராக இறங்கினால் மதியத்துக்குள் சாதம் நசநசத்துப் போகும். ஆவி அடங்கும்வரை பத்து நிமிஷம் திறந்து வைத்து மூடுங்கள். வெயில் காலத்தில் தேங்காய்ச் சட்னியை எடுத்துப் போகவே வேண்டாம். வறுத்த நிலக்கடலையில் வரமிளகாய், புளி, உப்பு வைத்துத் தண்ணீர் அதிகம் விடாமல் கெட்டியாக அரைத்தால் மதியம்வரை நன்றாக இருக்கும். அதே சட்னி இரவு களிக்கும் ஆகும்.